மனைவியின் மனதில் வாழ்ந்த இன்னொரு கணவர்: நாடக ஆசிரியர் பிரான்டெல்லோ வாழ்க்கை

ஒரு மனிதர் உண்மையில் யார்? அவர் தன்னைப் பற்றி நினைப்பதா? மற்றவர்கள் அவரைப் பற்றி நினைப்பதா?

இந்தக் கேள்வியையே கதைகளாகவும் நாடகங்களாகவும் எழுதி நோபல் பரிசு பெற்றவர், இத்தாலி நாட்டு எழுத்தாளர் லூயிஜி பிரான்டெல்லோ. அந்தக் கேள்வி அவருடைய வீட்டுக்குள்ளேயே இருந்தது.

பெரியவர்கள் முடித்த திருமணம்

1867-ம் ஆண்டு ஜூன் 28-ந் தேதி, சிசிலித் தீவில் கிர்ஜென்டி நகருக்கு அருகே பிரான்டெல்லோ பிறந்தார். (அந்த நகரின் இன்றைய பெயர் அக்ரிஜென்டோ.) தந்தை கந்தகச் சுரங்கத் தொழில் செய்து வந்தார்.

பலெர்மோவிலும் ரோமிலும் படித்த பிரான்டெல்லோ, பிறகு ஜெர்மனிக்குச் சென்றார். பான் பல்கலைக்கழகத்தில் தன் ஊர்ப் பேச்சுமொழி பற்றி ஆராய்ச்சி செய்து, 1891-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

1894-ல் திருமணம் நடந்தது. மணப்பெண் ஆண்டோனியேட்டா, தந்தையின் தொழில் கூட்டாளியின் மகள். பெரியவர்கள் பேசி முடித்த கல்யாணம். கணவனும் மனைவியும் ரோமில் குடியேறினார்கள். 3 குழந்தைகள் பிறந்தனர். பெண்கள் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பிரான்டெல்லோ பாடம் நடத்தினார்.

வீட்டைப் புரட்டிய கடிதம்

1903-ல் ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து விட்டது. தந்தையின் சொத்தும், ஆண்டோனியேட்டாவின் வரதட்சணைப் பணமும் அந்தச் சுரங்கத்தில்தான் போடப்பட்டிருந்தன. எல்லாம் போய்விட்டது.

கடிதத்தை முதலில் படித்தவர் ஆண்டோனியேட்டா. அதிர்ச்சியில் அவருடைய கால்கள் செயல் இழந்தன. மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். பகலில் வேலை செய்துவிட்டு, இரவில் மனைவியின் படுக்கை அருகே உட்கார்ந்து பிரான்டெல்லோ ஒரு நாவல் எழுதினார். அதுதான் 1904-ல் வெளிவந்த "காலஞ்சென்ற மத்தியா பாஸ்கல்".

கதாநாயகன் வீட்டை விட்டு ஓடியவன். சூதாட்டத்தில் பெரும்பணம் ஜெயிக்கிறான். அப்போது, தான் இறந்து விட்டதாகப் பத்திரிகையில் படிக்கிறான். யாரோ ஒருவரின் பிணத்தை அவனுடையது என்று ஊரார் அடையாளம் காட்டியிருக்கிறார்கள். புதுப்பெயர் வைத்துக்கொண்டு வாழ்கிறான். ஆனால் சட்டப்படி அப்படி ஓர் ஆளே கிடையாது. காதலித்த பெண்ணை மணக்க முடியவில்லை. பணம் திருடு போனாலும் போலீசுக்குப் போக முடியவில்லை. ஊர் திரும்பினால், மனைவி வேறு ஒருவரை மணந்து குழந்தையோடு இருக்கிறாள். கடைசியில் தன் கல்லறைக்குத் தானே மலர் வைக்கிறான்.

ஓயாத சந்தேகம்

ஆண்டோனியேட்டாவின் கால்கள் குணமாயின. மனம் குணமாகவில்லை. கல்லூரி மாணவிகளோடு கணவருக்குத் தொடர்பு என்று சந்தேகப்பட்டார். இல்லாத சம்பவங்கள் அவர் நினைவில் நடந்த சம்பவங்களாக நின்றன. பிற்காலத்தில் சொந்த மகளையே சந்தேகித்தார்.

தான் அப்படிப்பட்டவன் அல்ல என்று பிரான்டெல்லோவால் நிரூபிக்க முடியவில்லை. மனைவியின் மனதில் துரோகியான வேறொரு பிரான்டெல்லோ வாழ்ந்து கொண்டிருந்தார். அவரோடுதான் ஆண்டோனியேட்டா குடும்பம் நடத்தினார்.

முதல் உலகப்போர் வந்தது. மூத்த மகன் ஸ்டெபனோ போர்க்கைதி ஆனார். வீட்டில் துயரம் இன்னும் கூடியது. அப்படியும் மனைவியை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப பிரான்டெல்லோவுக்கு நெடுங்காலம் மனம் வரவில்லை. 1919-ல்தான் ரோமில் ஒரு மனநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

யாருக்குப் பைத்தியம்?

1917-ல் அவர் எழுதிய ஒரு நாடகத்தில், மாமியாருக்குப் பைத்தியம் என்று மருமகன் சொல்கிறார். அந்த அம்மாளின் மகள் இறந்து விட்டாளாம். இப்போது இருப்பவள் அவருடைய இரண்டாம் மனைவியாம். இல்லை, மருமகனுக்குத்தான் பைத்தியம், இருப்பது என் மகளேதான் என்கிறார் மாமியார். எது உண்மை என்று கடைசி வரை தெரிவதில்லை.

1922-ல் வந்த "நான்காம் ஹென்றி" நாடகத்தில், குதிரையில் இருந்து விழுந்தவன் தன்னைப் பழங்காலச் சக்கரவர்த்தி என்று நம்புகிறான். 12 ஆண்டுக்குப் பிறகு தெளிவு வந்தும், பைத்தியம் போலவே நடிக்கிறான்.

அதற்கு முந்தைய ஆண்டு, "ஆசிரியரைத் தேடும் ஆறு பாத்திரங்கள்" ரோமில் அரங்கேறியபோது பெரும் ரகளை. இது பைத்தியக்கார விடுதி என்று கூச்சலிட்டார்கள். பிரான்டெல்லோ மகளை அழைத்துக்கொண்டு பக்கத்து வாசல் வழியே வெளியேறினார். சில மாதங்களில் மிலான் நகரில் அதே நாடகம் வெற்றி பெற்றது. பிறகு பல நாடுகளில் நடந்தது.

கடைசி விருப்பம்

1924-ல் முசோலினியின் பாசிஸ்டு கட்சியில் சேர்ந்தது, இன்றளவும் அவர்மேல் சொல்லப்படும் குறை. 1934-ல் நோபல் பரிசு பெற்றார். 1936-ம் ஆண்டு டிசம்பர் 10-ந் தேதி, நிமோனியா காய்ச்சலால் ரோமில் காலமானார். வயது 69.

ஊர்வலம், ஆடம்பரம் எதுவும் வேண்டாம். ஏழைகளின் சவ வண்டியில் கொண்டுபோய் எரித்து விடுங்கள் என்று எழுதி வைத்திருந்தார். சாம்பல் பின்னர் அவர் பிறந்த வீட்டுக்கு அருகே, பைன் மரத்தடியில், ஒரு கரடுமுரடான கல்லுக்குள் வைக்கப்பட்டது.

ஆண்டோனியேட்டா வீடு திரும்பவே இல்லை. கணவர் மறைந்த பிறகும் 23 ஆண்டுகள் உயிரோடு இருந்து, 1959-ல் ஆஸ்பத்திரியிலேயே இறந்தார்.