மணலில் எழுதிப் படித்த பாதிரியார்: தரங்கம்பாடி சீகன்பால்குவின் கதை

கமுந்திங், ஜூலை 9 – பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித் தரும் கிறிஸ்தவப் பெற்றோரைக் கேட்டுப் பாருங்கள். கணக்குப் புத்தகம் தேடுவதில் அவர்களுக்குச் சிரமம் இல்லை. அறிவியலும் அப்படித்தான். திண்டாட்டம் எல்லாம் சரித்திரப் புத்தகத்தில்தான்.

அவர்கள் கைக்கு வருபவை பெரும்பாலும் அமெரிக்காவில் அச்சிட்ட ஆங்கிலப் புத்தகங்கள். தாள் நன்றாக இருக்கும், படங்கள் அழகாக இருக்கும். ஆபிரகாமில் தொடங்கி ரோமாபுரி, லூத்தர் என்று வந்து, 1620-ஆம் ஆண்டு மேஃபிளவர் கப்பலில் அமெரிக்கா போய் இறங்கிய பக்தர்களிடம் கதை நிலைகொண்டுவிடும். கமுந்திங்கில் உட்கார்ந்து படிக்கும் தமிழ்ப் பிள்ளைக்கு அந்தச் சரித்திரத்தில் தன் பாட்டன் முப்பாட்டன் ஒருவரும் தென்படமாட்டார்கள். இந்த வேதம் வெள்ளைக்காரர் ஊரிலிருந்து நேரே நம் வீட்டுக்கு வந்துவிட்டது போலப் பிள்ளை நினைத்துக்கொள்ளும்.

அதே 1620-ஆம் ஆண்டில்தான் தஞ்சை ரகுநாத நாயக்கர், தரங்கம்பாடியில் கோட்டை கட்டிக்கொள்ள டென்மார்க் நாட்டாருக்கு இடம் கொடுத்தார். அந்தத் தரங்கம்பாடிக்கு 86 ஆண்டு கழித்து ஒருவர் வந்து இறங்கினார். அவர் வந்த நாள் 1706 ஜூலை 9. இன்றைய தேதி. பிள்ளைகளுக்கு எந்தப் புத்தகம், எந்த மொழியில், யாருடைய கதை என்ற கேள்விக்காகவே தம் ஆயுளில் பெரும்பகுதியைச் செலவிட்ட மனிதர் அவர். பெயர் பர்த்தலோமேயு சீகன்பால்கு.

தாய் விட்டுப்போன சொத்து

ஜெர்மனியின் சாக்சனி வட்டாரத்தில் புல்ஸ்னிட்ஸ் என்னும் சிற்றூரில் 1682-ஆம் ஆண்டு ஜூலை மாதம் சீகன்பால்கு பிறந்தார். சிறு வயதிலேயே தாயையும் தகப்பனையும் இழந்தார். தாயார் சாகும் தறுவாயில் பிள்ளைகளைக் கூப்பிட்டு, தாம் ஒரு பெரிய சொத்துச் சேர்த்து வைத்திருப்பதாகவும் அதை வேதப் புத்தகத்துக்குள் தேடிக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் கூறுவார்கள். மூத்த சகோதரிதான் தம்பியை வளர்த்தார்.

உடம்பு எப்போதும் பலவீனம். படிப்பை இடையிடையே நிறுத்த வேண்டியிருந்தது. 1703-இல் ஹாலே நகருக்குப் படிக்கப் போனார். அங்கே அகஸ்ட் ஹெர்மன் பிராங்கே என்னும் பேராசிரியர் அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லமும் பள்ளியும் நடத்தி வந்தார். ஏழைப் பிள்ளைக்கும் எழுத்தறிவு வேண்டும், வேதத்தை அவனே படிக்க வேண்டும் என்பது அந்த ஊர்ப் பாடம். சீகன்பால்கு அதை மறக்கவே இல்லை.

அந்த நேரத்தில் டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக் தம்முடைய தரங்கம்பாடிக்கு மிஷனரிகளை அனுப்ப ஆள் தேடினார். சீகன்பால்குவும் அவருடைய நண்பர் ஹென்ரிக் புளூட்சோவும் 1705 நவம்பர் மாதம் கப்பலேறினார்கள். ஏழு மாதத்துக்கு மேல் கடல் பயணம். தரங்கம்பாடியில் இறங்கியபோது சீகன்பால்குவுக்கு 24 வயதுகூட நிறையவில்லை.

பிள்ளைகளோடு தரையில்

கோட்டையிலிருந்த டேனிஷ் அதிகாரிக்கு இவர்கள் வந்தது பிடிக்கவில்லை. வரவேற்பும் இல்லை, உதவியும் இல்லை. ஊரில் தமிழ் சொல்லித் தர அச்சடித்த புத்தகமும் கிடையாது. அதற்கு ஏறக்குறைய 130 ஆண்டுகளுக்கு முன்பே, 1578-இல், போர்த்துகீசியப் பாதிரியார்கள் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் புத்தகம் அச்சிட்டிருந்தார்கள். ஆனால் அந்த வேலை தொடராமல் நின்றுபோயிருந்தது.

சீகன்பால்கு ஒரு காரியம் செய்தார். வயதான திண்ணைப் பள்ளி வாத்தியார் ஒருவரை அவருடைய மாணவர்களோடு தம் வீட்டுக்கே அழைத்து வந்து, அங்கேயே பள்ளியை நடத்தச் சொன்னார். பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் அ, ஆ எழுதினார்கள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினார். நம் தோட்டங்களில் ஒரு காலத்தில் லயத்து வாசலில் மணலில் எழுதிப் படித்த பெரியவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை. ஐரோப்பாவில் கல்லூரி வரை போனவர், ஐந்து வயதுப் பிள்ளைகளின் வரிசையில் உட்கார்ந்து உயிரெழுத்திலிருந்து தொடங்கினார்.

அழகப்பன் என்ற துபாஷி அவருக்குப் பேச்சுத் தமிழ் சொல்லித் தந்தார். ஓராண்டு முடிவதற்குள் சீகன்பால்கு தமிழில் பேசினார். பிறகு ஏடு தேடத் தொடங்கினார். ஊர் ஊராக ஆள் அனுப்பி, கணவனை இழந்த பெண்களிடம் சும்மா கிடந்த சுவடிகளை விலைக்கு வாங்கினார். இரண்டே ஆண்டில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்கள் சேர்ந்தன. திருக்குறளும் அதில் ஒன்று. 1708-இல் அவற்றுக்கு ஒரு பட்டியல் எழுதி, ஒவ்வொரு நூலும் எதைப் பற்றியது என்று குறிப்பும் எழுதினார். உலகநீதி, கொன்றைவேந்தன், நீதிவெண்பா ஆகிய மூன்றையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார்.

அவர் வந்தது போதிக்க. ஆனால் போதிக்கும் முன், இந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே என்ன படிக்கிறார்கள் என்று பார்த்தார்.

வீடே பள்ளிக்கூடம்

1707-லேயே பள்ளிகள் தொடங்கிவிட்டன. தமிழ் பேசும் பிள்ளைகளுக்கு ஒன்று, போர்த்துகீசியம் பேசும் பிள்ளைகளுக்கு ஒன்று. பெண்பிள்ளைகளுக்கும் பள்ளி உண்டு. பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று உலகம் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறும் துணியும் புத்தகமும் மிஷன் செலவு.

பள்ளி வந்ததும் அடுத்த கேள்வி வந்தது. எதைப் படிக்க வைப்பது? லத்தீனிலும் ஜெர்மனிலும் இருப்பதை அப்படியே மனப்பாடம் செய்ய வைத்திருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை. 1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்க உட்கார்ந்தார். ஒரு மாதம்தான் ஆகியிருக்கும். ஒரு விதவையின் வழக்கில் அவளுக்காகப் பேசப்போய், கோட்டை அதிகாரியின் கோபத்துக்கு ஆளாகிச் சிறைக்குப் போனார். நான்கு மாதம் அடைபட்டிருந்து 1709 மார்ச்சில் வெளியே வந்தார். விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தார். 1711 மார்ச்சில் மொழிபெயர்ப்பு முடிந்தது.

ஓலையில் எழுதினால் ஒரு பிள்ளைக்கு ஒரு படி எழுதி முடிக்கவே மாதங்கள் ஆகும். அச்சு இயந்திரம் வேண்டும் என்று எழுதினார். லண்டன் கிறிஸ்தவ சங்கம் ஒன்று அனுப்பியது. வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனாலும் இயந்திரம் தப்பி 1712-இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தது. தமிழ் எழுத்துகள் ஹாலேயில் வார்க்கப்பட்டு வந்தன. அவை பெரிதாக இருந்ததால் தாள் கட்டுபடியாகவில்லை. பிறகு தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். 1714-இல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715-இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகி வந்தன.

பெட்டியில் உறங்கிய புத்தகம்

சீகன்பால்குவிடம் குறை இல்லாமல் இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த அச்சுக்கூடத்திலிருந்து 1713-இல் வந்த முதல் வெளியீடுகளில் ஒன்று, தமிழர் வழிபாட்டை அக்கியானம் என்றும் அருவருப்பு என்றும் கடுமையாகச் சாடும் சிறு நூல். எழுதியவர் அவர்தான். இன்று ஓர் இந்துக் குடும்பம் அதைப் படித்தால் மனம் நோகும்.

அதே ஆண்டில் அதே கை இன்னொரு பெரிய நூலையும் எழுதியது. தென்னிந்தியத் தெய்வங்கள் யார் யார், மக்கள் எப்படி வழிபடுகிறார்கள், ஊர்க்காவல் தெய்வங்கள் எவை என்று தமிழரையே கேட்டு, தமிழ் ஏடுகளைப் பார்த்து எழுதிய நூல் அது. கேள்விகளைக் கடிதமாக அனுப்பித் தமிழர்களிடமிருந்து பதில் கடிதம் வாங்கும் வழக்கத்தையும் அவரும் சக ஊழியர் குருண்ட்லரும் வைத்திருந்தார்கள். அப்படி வந்த 99 கடிதங்கள் ஜெர்மன் மொழியில் அச்சாயின. தமிழன் தன்னைப் பற்றித் தானே சொன்னதை ஐரோப்பியர் படிக்கக் கிடைத்த அரிய வாய்ப்பு அது.

ஆனால் தெய்வங்களைப் பற்றிய நூலை ஹாலே ஏற்கவில்லை. புறமதத்தை அகற்றத்தான் ஆளை அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்பது பிராங்கேயின் நிலை. கையெழுத்துப் படி பெட்டியில் கிடந்தது. அது அச்சேறியது 1867-இல், சென்னையில். எழுதி 154 ஆண்டுக்குப் பிறகு.

எதைப் படிக்கலாம், எதைப் படிக்கக்கூடாது என்று எங்கோ தூரத்தில் இருக்கும் ஒருவர் முடிவு செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

36 வயதில் முடிந்த வாழ்வு

1714-இல் சீகன்பால்கு ஐரோப்பாவுக்குப் போனார். மலையப்பன் என்ற தமிழ் இளைஞரும் கூடப் போனார். அவர் துணையோடு எழுதிய தமிழ் இலக்கணம் 1716-இல் ஹாலேயில் அச்சானது. மரியா டொரோத்தேயாவை மணந்துகொண்டு அதே ஆண்டு திரும்பி வந்தார். வந்ததும் தமிழ்ப் பிள்ளைகளையே ஆசிரியர்களாகவும் உபதேசிகளாகவும் பழக்க ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அடுத்துப் புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டினார். அது இன்றும் தரங்கம்பாடியில் நிற்கிறது.

அப்போதுதான் கோபன்ஹேகனிலிருந்து கடுமையான கடிதங்கள் வந்தன. மிஷன் காரியதரிசியாக இருந்தவர், பள்ளிக்கும் அச்சுக்கும் கட்டடத்துக்கும் ஏன் இவ்வளவு பணம், அப்போஸ்தலர்களைப் போல வெறுங்கையோடு நடந்து போய்ப் பிரசங்கம் செய்தால் போதாதா என்ற பொருளில் கண்டித்து எழுதினார். பிள்ளைகளுக்குப் போட்ட சோற்றுக்கும் புத்தகத்துக்கும் கணக்குக் கேட்டது போல இருந்தது அது. ஏற்கெனவே தளர்ந்த உடம்பு. மனமும் ஒடிந்தது. 1719 பிப்ரவரி 23-இல் சீகன்பால்கு காலமானார். வயது 36. பழைய ஏற்பாட்டை ரூத் புத்தகம் வரை மொழிபெயர்த்திருந்தார். அவரைத் தாம் கட்டிய ஆலயத்திலேயே அடக்கம் செய்தார்கள். மிச்ச மொழிபெயர்ப்பைப் பின்னால் வந்த சூல்ட்சே முடித்தார்.

நம் வீட்டுச் சரித்திரம்

தரங்கம்பாடிக்குச் சற்றுத் தெற்கே நாகப்பட்டினம். நம் பாட்டன் பாட்டிகளில் பலர் அங்கிருந்துதான் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினார்கள். ரஜுலா கப்பலின் பெயரைச் சொன்னால் இன்றும் கண் கலங்கும் பெரியவர்கள் பேராக்கில் உண்டு. அவர்களில் கிறிஸ்தவர்களாக வந்த சிலரின் பெட்டியில் ஒரு தமிழ் வேதாகமமும் இருந்தது. அதற்கு முந்திய கதைதான் மேலே சொன்னது. அந்தக் கதை அமெரிக்காவிலிருந்து வரும் புத்தகத்தில் இல்லை என்றால், அதைச் சேர்க்க வேண்டியவர்கள் பெற்றோர்கள்தான்.

வெளிநாட்டுப் புத்தகத்தைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. அதில் நல்ல பாடங்கள் உண்டு. வாங்கும் முன் சீகன்பால்குவின் வாழ்க்கையை வைத்து மூன்று கேள்வி கேட்டால் போதும். என் பிள்ளையின் மொழிக்கும் ஊருக்கும் இதில் இடம் இருக்கிறதா? பக்கத்து வீட்டு இந்துவையும் முஸ்லிமையும் பற்றி அவர்களைக் கேட்டு எழுதியிருக்கிறார்களா, கேட்காமலே எழுதியிருக்கிறார்களா? பக்தர்களின் தவறையும் பிள்ளைக்குச் சொல்கிறதா, நல்லதை மட்டும் சொல்லி மூடிவிடுகிறதா? மூன்றாவது கேள்வியில் தேறாத புத்தகம், பிள்ளை வளர்ந்து உண்மையைத் தெரிந்துகொள்ளும் நாளில் பெற்றோரின் வார்த்தையையே சந்தேகிக்க வைத்துவிடும்.

நம் நாட்டுச் சரித்திரத்தையும் விட்டுவிடக்கூடாது. 2013 முதல் எஸ்.பி.எம். சான்றிதழுக்கு வரலாற்றில் தேர்ச்சி கட்டாயம். வீட்டில் படிக்கும் பிள்ளையும் ஒருநாள் அந்தச் சோதனைக்கு உட்காரலாம். தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளையை வீட்டில் வைத்துக் கற்பிக்கக் கல்வி அமைச்சின் விலக்கு வேண்டும் என்பதையும் பெற்றோர் நினைவில் கொள்ள வேண்டும்.

வீட்டுச் சுவரில் ஒரு நீளத் தாளை ஒட்டி ஆண்டுகளை வரிசையாக எழுத வையுங்கள். 1620-க்கு நேரே மேஃபிளவர் இருக்கட்டும், தரங்கம்பாடிக் கோட்டையும் இருக்கட்டும். 1706-இல் ஜூலை 9-ஐ எழுதுங்கள். 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை ஓடிய முதல் ரயிலை எழுதுங்கள். அதன் கீழே, தாத்தாவோ பாட்டியோ இந்த மண்ணில் வந்து இறங்கிய ஆண்டைப் பிள்ளை தன் கையாலேயே தமிழில் எழுதட்டும். அந்த ஆண்டு தெரியாவிட்டால், பெரியவர்கள் இருக்கும்போதே போய்க் கேட்டு வரச் சொல்லுங்கள்.