பல்கேரியாவின் விடுதலை நாளும் வாசில் லெவ்ஸ்கியின் தூக்குமேடையும்

புது தில்லி, மார்ச் 2: தென்கிழக்கு ஐரோப்பிய நாடான பல்கேரியா, ஆண்டுதோறும் மார்ச் 3-ம் தேதியைத் தேசிய தினமாகக் கொண்டாடுகிறது. ஏறத்தாழ 5 நூற்றாண்டு கால ஒட்டோமான் துருக்கிய ஆட்சிக்கு முடிவு கட்டிய ஒப்பந்தம் 1878-ல் கையெழுத்தான நாள் அது. அதற்கு இரு வாரங்கள் முன்னதாக, பிப்ரவரி 19-ம் தேதி, அந்நாட்டு மக்கள் ஒருவரின் நினைவுச் சின்னத்தில் மலர் வைக்கிறார்கள். அந்த ஒப்பந்தத்துக்கு 5 ஆண்டுகள் முன்பே தூக்கிலிடப்பட்ட வாசில் லெவ்ஸ்கிதான் அவர்.

வல்லரசுகளின் தயவால் வரும் விடுதலை நிலைக்காது என்று நம்பியவர் லெவ்ஸ்கி. அவர் மறைவுக்குப் பிந்தைய பல்கேரிய வரலாறு அந்த நம்பிக்கையைப் பெருமளவு மெய்ப்பித்தது.

துறவி புரட்சியாளரானார்: கார்லோவோ என்ற சிற்றூரில் 1837-ல் கைவினைஞர் குடும்பத்தில் பிறந்தார். இயற்பெயர் வாசில் குன்செவ். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். துறவியாக இருந்த தாய்மாமனிடம் உதவியாளராகச் சேர்ந்து, 1858-ல் தாமும் துறவு பூண்டார். ஆனால் மடம் அவரை நெடுநாள் பிடித்து வைக்கவில்லை. 1862-ல் செர்பியத் தலைநகர் பெல்கிரேடுக்குச் சென்று, பல்கேரியத் தேசியவாதி ராகோவ்ஸ்கி திரட்டிய படையில் சேர்ந்தார். சிங்கத்தைப் போன்றவர் என்ற பொருளில் "லெவ்ஸ்கி" என்ற பெயர் அவருக்கு வாய்த்தது.

அந்தப் படை சில மாதங்களில் கலைந்தது. அண்டை நாட்டு அரசுகள் தமக்குத் தேவைப்பட்டபோது பல்கேரியர்களை ஊக்குவித்தன. தேவை தீர்ந்ததும் கைவிட்டன. 1867-ல் எல்லை தாண்டிச் சென்ற ஆயுதக் குழு ஒன்றில் கொடி ஏந்திச் சென்றார் லெவ்ஸ்கி. வெளியிலிருந்து வரும் சிறு குழுக்களால் பேரரசை அசைக்க முடியாது என்பதை அந்த அனுபவம் உணர்த்தியது.

ஊர் ஊராகக் குழுக்கள்: 1868 இறுதியிலிருந்து அவர் நாட்டுக்குள்ளேயே ரகசியமாகச் சுற்றத் தொடங்கினார். வணிகர், துறவி என மாறுவேடங்களில் சென்று, ஊர்தோறும் புரட்சிக் குழுக்களை அமைத்தார். லோவெச் நகரம் அவற்றின் தலைமையிடமானது. 1871-ல் அவர் வகுத்த அமைப்பு விதிகள் மன்னராட்சியை ஏற்கவில்லை. மக்களாட்சிக் குடியரசை இலக்காகக் கொண்டன. பல்கேரியர், துருக்கியர், யூதர் என்ற வேறுபாடின்றி அனைவருக்கும் சம உரிமை என்பதும் அதில் இடம்பெற்றது. துருக்கிய மக்களைப் பகைவர்களாக அவர் கருதவில்லை. சுல்தானின் ஆட்சியையே எதிர்த்தார்.

பொதுப் பணத்தில் கண்டிப்பானவர். தமது அன்றாடச் செலவுகளைக்கூடச் சிறு குறிப்பேட்டில் எழுதி வைத்தார். அந்தக் குறிப்பேடு இன்றும் பாதுகாக்கப்படுகிறது.

அவசரத்தின் விலை: 1872 செப்டம்பரில் சக புரட்சியாளர் திமிதர் ஒப்ஷ்டி, லெவ்ஸ்கியின் எண்ணத்துக்கு மாறாக, அரசுப் பணம் கொண்டு சென்ற அஞ்சல் வண்டியை அராபகோனாக் கணவாயில் கொள்ளையிட்டார். கைதானவர்களின் வாக்குமூலங்களால் ரகசிய அமைப்பு அம்பலமானது. உடனே கிளர்ச்சி தொடங்குமாறு புகாரெஸ்டிலிருந்த மத்தியக் குழு ஆணையிட்டது. மக்கள் இன்னும் ஆயத்தமாகவில்லை என்று கருதிய லெவ்ஸ்கி அதை ஏற்கவில்லை. அமைப்பின் ஆவணங்களை மீட்க லோவெச் வந்தவர், அருகிலுள்ள கக்ரினா கிராமச் சத்திரத்தில் அந்த ஆண்டு இறுதியில் பிடிபட்டார். அவரைக் காட்டிக் கொடுத்தவர் யார் என்பது இன்றும் தீராத சர்ச்சை.

சோபியாவில் சிறப்பு விசாரணைக் குழு அவருக்கு மரண தண்டனை விதித்தது. 1873 பிப்ரவரி 18-ம் தேதி தூக்கிலிடப்பட்டபோது அவருக்கு வயது 35. புதைக்கப்பட்ட இடம் உறுதியாகத் தெரியவில்லை. பழைய நாட்காட்டியில் அது பிப்ரவரி 6. அதைப் புதிய நாட்காட்டிக்கு மாற்றியபோது 12 நாள்களுக்குப் பதில் 13 நாள்கள் கூட்டப்பட்டதால், நினைவு தினம் 19-ம் தேதியாக நிலைத்துவிட்டது.

மேஜையில் பிறந்த நாடு: 1876 ஏப்ரலில் எழுந்த கிளர்ச்சி கொடூரமாக ஒடுக்கப்பட்டது. அதையடுத்து 1877-ல் ரஷியா போர் தொடுத்தது. பல்கேரியத் தொண்டர்களும் ஷிப்கா கணவாயில் ரஷியப் படையுடன் சேர்ந்து போரிட்டனர். வெற்றிக்குப் பின் சான் ஸ்டெபானோவில் கையெழுத்தான ஒப்பந்தம் அகன்ற பல்கேரியாவை வரைந்தது. நான்கே மாதங்களில், ஜூலை 13-ம் தேதி, பெர்லினில் கூடிய வல்லரசுகள் அந்த வரைபடத்தைக் கிழித்துப் போட்டன. வடக்கே ஒரு சிற்றரசு, தெற்கே சுல்தானின் கீழ் தன்னாட்சி மாகாணமான கிழக்கு ருமேலியா என நாடு பிரிந்தது. மாசிடோனியா மீண்டும் சுல்தானிடம் சென்றது. ஒப்பந்தம் பற்றிப் பல்கேரியர்களை யாரும் கேட்கவில்லை.

பிரிந்த இரு பகுதிகளும் 1885 செப்டம்பர் 6-ல் இணைந்தன. அதை முன்னின்று நடத்தியவர், லெவ்ஸ்கியின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஜகாரி ஸ்தோயனோவ். வல்லரசுகளின் அனுமதியைப் பெறாமல், உள்ளூர்க் குழுக்களைக் கொண்டே இணைப்பு நடந்தது. ரஷியா அதை எதிர்த்தது என்பது குறிப்பிடத்தக்கது. முழுச் சுதந்திரம் 1908 செப்டம்பர் 22-ல் பிரகடனமானது. பழைய நாட்காட்டியின்படி அமைந்த இவ்விரு தேதிகளும் இன்று அரசு விடுமுறைகள். லெவ்ஸ்கி கனவு கண்ட குடியரசு என்ற பெயர் 1946-ல்தான் கிடைத்தது. ஆனால் அது கம்யூனிஸ்டுகளின் ஒரு கட்சி ஆட்சியாக அமைந்தது.

கம்யூனிஸ்ட் ஆட்சியில் செப்டம்பர் 9 தேசிய தினமாக இருந்தது. அவ்வாட்சி வீழ்ந்த பின், 1990-ல் மார்ச் 3 தேர்ந்தெடுக்கப்பட்டது. அயல் வல்லரசு கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் நாளைத் தேசிய தினமாகக் கொள்ளலாமா என்ற வாதம் ஓயவில்லை. ஸ்லாவிய எழுத்துகளையும் பண்பாட்டையும் போற்றும் மே 24-க்கு அதை மாற்ற 2023-ல் முன்வைக்கப்பட்ட அரசமைப்புத் திருத்த யோசனை எதிர்ப்பால் கைவிடப்பட்டது. விடுதலைக்காக உயிர்நீத்த படைவீரர்களை மறக்கலாகாது என்பது ஒரு தரப்பு. தன் விடுதலையைத் தானே தேடிக்கொள்ள முனைந்த தலைமுறையை முன்னிறுத்த வேண்டும் என்பது மறு தரப்பு.

தேசிய தினம் எது என்பதில் கட்சிகள் வேறுபடுகின்றன. ஆனால் பிப்ரவரி 19-ல் லெவ்ஸ்கியின் நினைவுச் சின்னத்தின் முன் தலை வணங்குவதில் அவற்றிடையே கருத்து வேறுபாடு இல்லை.