கோயில் கதவைத் தட்டிய ஜமீன்தார்

சூலூர் முதல் திருச்செங்கோடு வரை, கொங்கு நாட்டில் கோயிலும் காணியும் கூடப் பிறந்தவை. அந்த மண்ணில் பிறந்த ஒரு ஜமீன்தார், தாழ்த்தப்பட்ட மக்களைக் கோயிலுக்குள் விடச் சட்டம் கேட்டார். அவர்தான் டாக்டர் பி. சுப்பராயன்.

திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீனில் 1889-ல் பிறந்தார். சென்னையிலும் ஆக்ஸ்போர்டிலும் படித்துப் பாரிஸ்டரானார். மங்களூர் ராதாபாயைச் சாதி கடந்து மணந்தார். அந்நாளில் அது சிறிய காரியம் அல்ல!

1926 தேர்தலில் அதிக இடங்களைப் பிடித்த சுயராஜ்யக் கட்சி, மந்திரிசபை அமைக்க மறுத்துவிட்டது. கட்சி சாராத சுப்பராயன் முதல் மந்திரியானார். 1930 வரை பதவி வகித்தார்.

யாருக்கு ஓட்டு?

அன்று எல்லோருக்கும் ஓட்டு இல்லை. 1920-ல், 4 கோடிக்கு மேல் மக்கள் வாழ்ந்த சென்னை மாகாணத்தில் வாக்காளர்கள் சுமார் 12 லட்சம் பேர்தான். சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கே ஓட்டு. கோயிலுக்கு வெளியே நின்றவர்களில் பெரும்பாலோருக்கு ஓட்டுச் சாவடியும் வெளியேதான்!

வைதிகர்களைப் பகைத்துக் கொண்டு ஒரு மிதவாதி தேர்தலில் வெல்ல முடியுமா? இந்தக் கேள்வி எழுந்த நேரத்தில்தான், 1932 இறுதியில், சுப்பராயன் ஆலயப் பிரவேச மசோதாவைக் கையில் எடுத்தார்.

அதே சமயம் குருவாயூர் கோயில் பற்றிப் பொன்னானி தாலுகாவில் வாக்கெடுப்பு நடந்தது. கோயிலுக்குள் போக உரிமை பெற்றிருந்தவர்களிடமே கேட்டார்கள். ஓட்டளித்தோரில் 100-க்கு 77 பேர் கதவைத் திறக்கச் சொன்னார்கள்! வைதிகர்களின் குரல் பெரிது; கணக்கு சிறிது.

ஆயினும் 1933 ஜனவரியில் வைஸ்ராய் வில்லிங்டன் சுப்பராயன் மசோதாவுக்கு அனுமதி மறுத்தார். டில்லி சட்டசபையில் ரங்க ஐயர் கொண்டுவந்த மசோதாவும், 1934 தேர்தல் நெருங்கியபோது வாபசாயிற்று. அந்தத் தேர்தலில் அதை ஒரு பிரச்னையாக்கக் காங்கிரஸ் தலைவர்கள் விரும்பவில்லை. வைதிகர் ஓட்டின் உண்மையான பலம் சோதிக்கப்படாமலே போயிற்று.

கதவு திறந்தது

1935 சட்டம் வாக்காளர் தொகையைப் பல மடங்கு பெருக்கியது. 1937-ல் காங்கிரஸ் 215 இடங்களில் 159-ஐ வென்றது. காங்கிரசில் சேர்ந்திருந்த சுப்பராயன், ராஜாஜி மந்திரிசபையில் இடம் பெற்றார். அது தனி மனிதர் வெற்றி அல்ல. கட்சி அலையின் வெற்றி. ஆனால் அந்த அலைக்குள் சீர்திருத்தமும் கரையேறியது. 1939 ஜூலை 8-ல் வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சி கோயிலுக்குத் தாழ்த்தப்பட்டோரை அழைத்துச் சென்றார். ராஜாஜி அரசு சட்டப் பாதுகாப்பு அளித்தது. மாகாணம் முழுவதற்குமான ஆலயப் பிரவேசச் சட்டம் 1947-ல் வந்தது.

1957-ல், வயது வந்த அனைவருக்கும் ஓட்டு இருந்த தேர்தலில், திருச்செங்கோடு சுப்பராயனை லோக்சபைக்கு அனுப்பியது. மகாராஷ்டிர கவர்னராக இருந்தபோது 1962 அக்டோபர் 6-ல் அவர் காலமானார்.

வைதிகர் ஓட்டு இல்லாமலும் வெல்லலாம். ஆனால் அதற்கு, வெளியே நிற்பவன் கையிலும் ஓட்டு இருக்க வேண்டும். சுப்பராயன் மசோதா கொண்டு வந்தபோது அது இல்லை.