பேசிய பொம்மைத் தலை

அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1847ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார். அவருடைய தந்தை, தெளிவாகப் பேசும் கலையைக் கற்பிக்கும் ஆசிரியர். தாயாருக்கோ செவித்திறன் குறைந்துகொண்டே வந்தது. பிறர் அவரிடம் செவிக்குழல் வழியாக உரக்கப் பேசினர். பெல் மட்டும் தாயாரின் நெற்றிக்கு அருகில் வாயை வைத்துத் தாழ்ந்த குரலில் பேசுவார். அந்தக் குரலின் அதிர்வைத் தாயார் உணர்ந்துகொள்வார்.

1863ஆம் ஆண்டு, தந்தை பெல்லை லண்டனுக்கு அழைத்துச் சென்றார். அங்கே அறிஞர் வீட்ஸ்டோன் உருவாக்கிய பேசும் கருவியை இருவரும் கண்டனர். வீடு திரும்பியதும், அதைப் போன்ற ஒன்றைச் செய்து பார்க்கும்படி தந்தை தம் பிள்ளைகளைத் தூண்டினார்.

பெல்லும் அவருடைய அண்ணனும் வேலையைப் பங்கிட்டுக்கொண்டனர். அண்ணன் தொண்டையையும் குரல்வளையையும் செய்தார். பெல் வாயையும் நாக்கையும் செய்தார். நாம் பேசும்போது நுரையீரலிலிருந்து வரும் காற்று குரல்நாண்களை அதிரச் செய்கிறது. அந்த ஒலியை நாக்கும் உதடுகளும் வெவ்வேறு எழுத்தொலிகளாக மாற்றுகின்றன. சகோதரர்களின் பொம்மையும் அவ்வாறே இயங்கியது. அண்ணன் குழாய் வழியாக ஊதினார். பெல் பொம்மையின் உதடுகளை மூடித் திறந்தார். பொம்மை, ‘மாமா’ என்று தாயை அழைக்கும் குழந்தையைப் போல் ஒலித்தது! குழந்தை அழுகிறது என்று எண்ணி, அண்டை வீட்டார் ஒருவர் பார்க்க வந்துவிட்டார்.

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1867இல் தம்பியும் 1870இல் அண்ணனும் காசநோயால் இறந்தனர். எஞ்சிய ஒரே மகனையாவது காப்பாற்ற வேண்டுமென்று பெற்றோர் பெல்லுடன் கனடாவில் குடியேறினர்.

1871இல் பெல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் செவித்திறன் அற்ற குழந்தைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். தம் குரலையே கேட்க முடியாத அவர்களுக்கு, நாக்கையும் உதடுகளையும் எப்படி வைக்க வேண்டும் என்று தந்தை உருவாக்கிய குறியீடுகளைக் கொண்டு விளக்கினார். குரலின் அதிர்வைப் பற்றிய இந்த அறிவே பின்னர் அவருடைய தொலைபேசி ஆய்வுக்கும் துணை நின்றது. 1876இல் அவர் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றார்.

உலகம் அவரைத் தொலைபேசியின் தந்தை எனப் போற்றியது. ஆயினும், 1922இல் மறைந்த பெல், தம்மைச் செவித்திறன் அற்றோரின் ஆசிரியர் என்று சொல்லிக்கொள்வதையே பெருமையாகக் கருதினார்.