ஆணி பொறுக்கிய பஸ் முதலாளி

பஸ் வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறது. ரோடு குறுகலானது. ஒரு பக்கம் குளம். மறுபக்கம் பள்ளமான வயல். திடீரென்று ஸ்டீரிங், டிரைவரின் கையைப் பிடுங்குவதுபோல் குளத்துப் பக்கம் இழுக்கிறது! டிரைவர் பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியை நிறுத்துகிறார். பிரயாணிகளுக்கு உயிர் போய் உயிர் வருகிறது.

இறங்கிப் பார்த்தால் முன் சக்கரத்தில் காற்று இல்லை. டயரில் ஒரு சின்ன ஆணி. அது மாட்டின் லாட ஆணி!

பஸ் வந்த புதிதில் இது எங்கும் நடக்கக்கூடிய ஆபத்து. அந்தக் காலத்தில் ரோடு முழுவதும் மாட்டு வண்டிகள்தான். தென்காசிக்குப் பக்கத்தில் உள்ள சுந்தரபாண்டியபுரம் போன்ற விவசாயக் கிராமங்களில் நெல்லும் வைக்கோலும் மாட்டு வண்டியில்தான் போகும். காளையின் லாடம் தேய்ந்தால் ஆணி கழன்று ரோட்டில் விழும். பின்னால் வரும் பஸ்ஸின் டயரில் அது ஏறும்.

இந்த ஆணிகளோடு மல்லுக்கு நின்றவர் ஒருவர் உண்டு. அவர்தான் டி.வி.எஸ். என்ற மூன்று எழுத்துகளால் நாடறிந்த டி.வி. சுந்தரம் அய்யங்கார்.

வேலையை விட்டார்

1877-ம் ஆண்டு மார்ச் 22-ந் தேதி திருக்குறுங்குடியில் பிறந்தார். அந்த ஊரும் தென்காசியும் அன்று ஒரே திருநெல்வேலி ஜில்லா.

முதலில் வக்கீல் தொழில் பார்த்தார். பிறகு ரெயில்வேயில் வேலை. அதன் பிறகு பாங்கியில் வேலை. மாதம் பிறந்தால் சம்பளம். ஆனாலும் அவர் மனம் அதில் நிற்கவில்லை. வேலையை உதறினார். 1911-ல் கம்பெனி தொடங்கினார். 1912-ல் மதுரையில் பஸ் ஓட்டினார். ஜனங்கள் மாட்டு வண்டியையே நம்பியிருந்த காலம் அது!

நோய் எங்கே?

ஸ்டீரிங் கோளாறு ஒரு விசித்திரமான நோய். வலி தெரிவது டிரைவரின் கையில். நோய் இருப்பது வேறு இடத்தில்.

வண்டி ஒரு பக்கமாக இழுத்தால் அந்தப் பக்கத்து டயரில் காற்று குறைந்திருக்கலாம். பிரேக் ஒரு பக்கம் மட்டும் பிடிக்கலாம். வேகத்தில் ஸ்டீரிங் நடுங்கினால் சக்கரத்தின் எடை சுற்றிலும் சீராக இல்லாமல் இருக்கலாம். ஸ்டீரிங்கைத் திருப்பியும் வண்டி சற்றுத் தாமதித்துத் திரும்பினால், சக்கரத்தோடு இணைக்கும் மூட்டுகள் தேய்ந்திருக்கலாம். பழைய பந்தயக் கார்களை ஆசையாக வைத்திருப்பவர்களும் இன்று இந்த வழியில்தான் கோளாறைத் தேடுகிறார்கள். முதலில் டயர், அடுத்து பிரேக், பிறகு மூட்டுகள். ஸ்டீரிங் பெட்டியைக் கழற்றுவது கடைசியில்தான்.

சுந்தரம் அய்யங்கார் இன்னும் ஒரு படி கீழே இறங்கினார். டயருக்கும் கீழே, ரோட்டைப் பார்த்தார். எத்தனை தடவை பஞ்சர் ஒட்டினாலும் ரோட்டில் ஆணி கிடக்கும் வரை நோய் தீராது அல்லவா? காந்தம் பொருத்திய உருளையை ரோட்டில் ஓட்டி, ஆணிகளைப் பொறுக்க ஏற்பாடு செய்தார். ரோடு அவருடையது அல்ல. ஆணியும் அவருடையது அல்ல. ஆனால் பஸ்ஸில் இருப்பவர்களின் உயிருக்கு அவர்தானே பொறுப்பு!

கடிகாரம் திருத்திய பஸ்

டி.வி.எஸ். பஸ் வருவதைப் பார்த்து மதுரைப் பக்கத்து ஜனங்கள் கடிகாரத்தைத் திருத்தினார்கள் என்பது ஊரறிந்த பேச்சு. நடுவழியில் நிற்காத பஸ்தானே நேரத்துக்கு வந்து சேரும்?

இரண்டாம் உலகப் போர் வந்தது. பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு. அப்போதும் அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. வண்டியை ஓட்ட வாயு தயாரிக்கும் கருவியைச் செய்து கொடுத்தார். தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் தொழிலையும் தொடங்கினார்.

பிறகு தொழிலைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்தார். 1955 ஏப்ரல் 28-ந் தேதி கொடைக்கானலில் காலமானார். வயது 78. சில ஆண்டுகளில் அவர் பிள்ளைகள் சக்கரம் செய்யும் தொழிற்சாலையையும் பிரேக் செய்யும் தொழிற்சாலையையும் சென்னைக்கு அருகே பாடியில் நிறுவினார்கள்.

பஸ்கள் வாங்கி ஓட்டிய முதலாளிகள் பலர். பஸ்ஸுக்கு முன்னால் கிடந்த ஆணியையும் தன் வேலையாக நினைத்தவர் சுந்தரம் அய்யங்கார்.