பூட்டிய கதவுக்குள்ளே ஒரு மேட்ச்: கோச் ஜான் மெக்லெண்டன்

குவிஸ் போட்டிகளில் அடிக்கடி வரும் கேள்வி: பாஸ்கெட்பாலைக் கண்டுபிடித்தவர் யார்? ஜேம்ஸ் நைஸ்மித், 1891, ஸ்பிரிங்ஃபீல்ட், பீச் பழக்கூடை. இதுவரைக்கும் எல்லாரும் சொல்லிடுவோம். அதே நைஸ்மித்துக்குக் கடைசிக் காலத்தில் ஒரு மாணவர் இருந்தார். குவிஸ்களில் அவர் பெயர் வர்றது அபூர்வம். ஆனா அமெரிக்கக் கல்லூரி பாஸ்கெட்பால் வரலாற்றில் அது ரொம்பப் பெரிய பெயர்: ஜான் மெக்லெண்டன்.

1915 ஏப்ரல் 5 அன்று கான்சாஸ் மாநிலத்தில் பிறந்தார். கறுப்பினத்தவர். ஸ்கூல் படிக்கும்போதே பாஸ்கெட்பால் கோச் ஆகணும்னு ஆசை. 1933-ல் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி படிக்கச் சேர்ந்தார். நைஸ்மித் அங்கேதான் பேராசிரியர். அவர்தான் உனக்கு வழிகாட்டி என்று அப்பா சொல்லி அனுப்ப, பையன் நேராக நைஸ்மித்திடம் போய் அதையே சொல்லி நின்றான். அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு பெரியவரும் ஏற்றுக்கொண்டார்.

சிக்கல் என்னன்னா, அந்தப் பல்கலைக்கழக டீமில் கறுப்பின மாணவர்களுக்கு இடமே கிடையாது. விளையாட்டைக் கண்டுபிடித்தவரிடமே பாடம் படிக்கலாம், ஆனா டீம் ஜெர்சி போட முடியாது. நீச்சல் குளத்திலும் இதே கதை. உடற்கல்விப் பட்டத்துக்கு நீச்சல் கட்டாயம். கறுப்பின மாணவர் தண்ணீரில் இறங்காமல் இருக்க, தேர்வு எழுதாமலே மார்க் தருகிறோம் என்றார்கள். நம்மில் பல பேர் நன்றி சார்னு வாங்கிட்டு வந்திருப்போம். அவர் இறங்கி நீந்தினார். அவர் கரையேறினதும் குளத்துத் தண்ணீரை வடித்தார்கள். அவரும் விடல, கடைசியில் குளம் எல்லாருக்கும் திறந்தது.

நைஸ்மித் நல்ல ஆசான், ஆனா சுமாரான கோச். கான்சாஸ் டீமுக்கு அவர் கோச்சாக இருந்த வருடங்களின் கணக்கு 55 வெற்றி, 60 தோல்வி. அந்தப் பல்கலைக்கழக பாஸ்கெட்பால் வரலாற்றிலேயே ஜெயித்ததைவிடத் தோற்றது அதிகமாக இருக்கும் ஒரே கோச், விளையாட்டைக் கண்டுபிடித்தவர்தான்! ஆனா அவர் காட்டிய ஒரு விஷயம் மெக்லெண்டன் மனதில் தங்கிவிட்டது. சின்னப் பசங்க ஆடும்போது பந்து எங்கே போகுதோ எல்லாரும் அங்கேயே ஓடுவாங்க. பெரியவங்க அதைப் பார்த்துச் சிரிப்போம். அதில்தான் விஷயமே இருக்கு என்பது நைஸ்மித்தின் பார்வை: பந்து எங்கே இருக்கோ அங்கேதான் ஆட்டம், அதனால் கோர்ட் முழுக்கவும் ஆடணும்.

1936-ல் பட்டம். அடுத்த வருடமே அயோவாவில் முதுநிலை முடித்துவிட்டு, வட கரோலினா மாநிலம் டர்ஹாமில் கறுப்பின மாணவர்களுக்கான வட கரோலினா கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தார். 1940 முதல் தலைமை கோச்.

ரெக்ரூட்டிங் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லணும். நம்ம ஊரில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு நாமதான் சர்டிபிகேட் ஃபைலைத் தூக்கிக்கிட்டு அலையணும். அமெரிக்காவில் நல்ல பிளேயர் என்றால் கோச் வீடு தேடி வருவார், ஸ்காலர்ஷிப் கொடுத்துக் கூட்டிப்போவார். ஆனா அந்தக் காலத்துத் தென் மாநிலங்களில் இது வெள்ளையர்களுக்கு மட்டும். டர்ஹாமிலேயே இருந்த டியூக் பல்கலைக்கழகம் ஒரு கறுப்பின மாணவரைக்கூடச் சேர்க்காது. ஆக, திறமையான கறுப்பினப் பையன்களுக்கு மெக்லெண்டனின் கல்லூரி மாதிரி சில கல்லூரிகள்தான் வாசல். வர்றவங்க திறமைக்குக் குறைவில்லை; கல்லூரியிடம் காசுதான் இல்லை. அப்படி வந்தவர்களை அவர் எப்படி மாற்றினார் என்பதுதான் இந்தக் கதையின் சுவாரசியமான பகுதி.

முதல் வேலை ஓட்டம். சீசன் தொடங்கும் முன்பே பந்தை ஓரமாக வைத்துவிட்டு, தடகள வீரர்கள் மாதிரி நீண்ட தூரம் ஓடவிட்டார். அன்றைக்குப் பல டீம்கள் பந்தை நிதானமாக எடுத்துவந்து, ஐந்து பேரும் இடம் பிடித்து நின்ற பிறகுதான் ஆட்டத்தைத் தொடங்கும். மெக்லெண்டன் டீம் அதற்கு விடாது. ரீபவுண்ட் எடுத்த நொடியே ஓரத்தில் நிற்பவருக்கு பாஸ், அங்கிருந்து பந்து நடுவுக்கு, இரண்டு பக்கமும் ஆளுக்கொருவர் முழு வேகத்தில். எதிரணியில் இரண்டு பேர் திரும்பி வருவதற்குள் இங்கே மூன்று பேர் கூடைக்குக் கீழே. இதுதான் ஃபாஸ்ட் பிரேக். பந்து எதிரணியிடம் போனாலும் பின்வாங்கி நிற்பதில்லை, கோர்ட் முழுக்க பிரஸ்.

நம்ம பாஷையில் சொல்லணும்னா, ஆட்ட வேகம் கூடினால் ஒரு மேட்ச்சில் கிடைக்கும் வாய்ப்புகளின் எண்ணிக்கை கூடும். சாம்பிள் சைஸ் பெருசானா அதிர்ஷ்டத்துக்கு வேலை குறையும். மூச்சு அதிகம் உள்ளவன் ஜெயிப்பான். அவர் இதைப் பிராபபிலிட்டி புத்தகத்தில் படித்துச் செய்யல. ஆனா கணக்கு அதேதான்.

அந்தக் கணக்குக்கான பரீட்சை 1944 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை வந்தது. அந்த சீசனில் மெக்லெண்டன் டீம் ஒரே ஒரு மேட்ச்தான் தோற்றிருந்தது. ஆனாலும் தேசியப் போட்டிகள் எதிலும் சேர்க்கமாட்டார்கள். அதே ஊரில் டியூக் மருத்துவக் கல்லூரி டீம் ஒன்று இருந்தது. வேறு வேறு பல்கலைக்கழகங்களில் ஆடிவிட்டு, போர்க்கால ராணுவப் பயிற்சித் திட்டத்தில் டாக்டருக்குப் படிக்க வந்தவர்கள், பலமான டீம். இரு கல்லூரி மாணவர்களும் ஒய்.எம்.சி.ஏ. கூட்டங்களில் ரகசியமாகச் சந்தித்துக்கொள்வார்கள். அப்படித்தான் பேச்சு வளர்ந்து, மேட்ச் ஆடலாம் என்று முடிவானது.

கேட்க சாதாரணமாக இருக்கும். ஆனா அன்றைய டர்ஹாமில் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே கோர்ட்டில் ஆடுவது உயிருக்கே ஆபத்தான காரியம். அதே வருடம் ஜூலையில், பஸ்ஸில் பின் சீட்டுக்கு நகரச் சொன்ன தகராறில் ஒரு கறுப்பின ராணுவ வீரரை டிரைவர் சுட்டுக் கொன்றார். கோர்ட் அந்த டிரைவரை விடுதலை செய்தது. அப்படிப்பட்ட ஊர்.

மேட்ச்சுக்கு ஞாயிறு காலை நேரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஊர் முழுக்க சர்ச்சில் இருக்கும். டியூக் மாணவர்கள் கார்களில் சுற்றுவழியில் வந்து, முகம் தெரியாதபடி கோட்டைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். ஜிம் கதவைப் பூட்டியாச்சு. பார்வையாளர்கள் கிடையாது; மோப்பம் பிடித்த சில மாணவர்கள் மட்டும் ஜன்னலில் தொற்றிக்கொண்டு பார்த்தார்கள்.

முதல் சில நிமிடங்கள் மெக்லெண்டன் பையன்கள் கைநடுங்கி ஆடினார்கள். வெள்ளையர்களோடு மோதி ஆடியதே இல்லையே. அப்புறம் அவர்களில் ஒருவரான 16 வயது ஆப்ரி ஸ்டான்லிக்கு ஒன்று புரிந்தது: எதிரே இருப்பவர்கள் ஒன்றும் அதிசயப் பிறவிகள் இல்லை, இவர்களை ஜெயிக்க முடியும். ஓட ஆரம்பித்தார்கள். முடிவு 88–44. சரியாக இரண்டு மடங்கு. அதோடு விடாமல், இரண்டு டீமையும் கலந்து இன்னொரு மேட்ச் ஆடினார்கள். பிறகு ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்து அரட்டை. விஷயம் தெரிந்த உள்ளூர் நிருபர்கூட ஒரு வரி எழுதல. 1996-ல் வரலாற்றாளர் ஸ்காட் எல்ஸ்வொர்த் எழுதிய பிறகுதான் வெளியுலகத்துக்குப் பரவலாகத் தெரிந்தது. 52 வருடம்!

1952-ல் டர்ஹாமை விட்டுப் போவதற்கு முன் அவர் கடைசியாகச் சேர்த்தவர்களில் ஒருவர் சாம் ஜோன்ஸ். 1957-ல் பாஸ்டன் செல்டிக்ஸ் கோச் ரெட் ஆவர்பாக், ஒரு ஆட்டம்கூட நேரில் பார்க்காமல் அவரை டிராஃப்டில் எடுத்தார். ஜோன்ஸ் அங்கே வென்றது 10 சாம்பியன்ஷிப்.

நடுவில் இரண்டு வருடம் ஹாம்ப்டன். பிறகு 1954-ல் நாஷ்வில் நகரின் டென்னசி ஏ அண்ட் ஐ. அதற்குள் கறுப்பினக் கல்லூரிகளைத் தேசியப் போட்டியில் சேர்க்கச் சொல்லி அவரும் மற்ற கோச்சுகளும் நடத்திய போராட்டத்துக்குப் பலன் கிடைத்திருந்தது, என்.ஏ.ஐ.ஏ. அமைப்பு கதவைத் திறந்தது. கான்சாஸ் சிட்டிக்கு ஆட அழைத்தபோது, மற்ற டீம்கள் தங்குகிற மாதிரி நகர நடுவில் ஹோட்டல் அறை கொடுத்தால்தான் வருவோம் என்றார். கொடுத்தார்கள்.

அங்கே வந்து சேர்ந்தவர் டிக் பார்னெட். 1955 இண்டியானா மாநிலப் பள்ளி இறுதிப் போட்டியில் ஆஸ்கர் ராபர்ட்சனின் டீமிடம் தோற்றவர். ராபர்ட்சன் சின்சினாட்டி பல்கலைக்கழகம் போனார். பார்னெட் மெக்லெண்டனிடம் வந்தார். 1957, 1958, 1959 என்று டென்னசி டீம் தொடர்ந்து மூன்று தேசியப் பட்டம் வென்றது. அதற்கு முன் எந்தக் கல்லூரி கோச்சும் செய்யாதது. கல்லூரி நாட்களில் படிப்பைக் கண்டுகொள்ளாத பார்னெட், நியூயார்க் நிக்ஸ் டீமோடு இரண்டு சாம்பியன்ஷிப் வென்ற பிறகு, ஃபோர்டாம் பல்கலைக்கழகத்தில் கல்வியியலில் டாக்டர் பட்டமே வாங்கினார்.

அடுத்து கிளீவ்லேண்ட் பைப்பர்ஸ் என்ற டீம். ஓனர் ஜார்ஜ் ஸ்டைன்பிரென்னர், பின்னாளில் நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் டீமை வாங்கினாரே, அவரேதான். ஓனரின் தலையீடும் பிளேயர்களின் சம்பளப் பிரச்சினையும் முற்றி, 1962-ல் மெக்லெண்டன் ராஜினாமா செய்தார். 1966-ல் கிளீவ்லேண்ட் ஸ்டேட் பல்கலைக்கழகம் அவரைக் கூப்பிட்டது. வெள்ளையர் பெரும்பான்மையாக இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தில் முதல் கறுப்பினத் தலைமை கோச் அவர்தான்.

அதே சமயத்தில் ரெக்ரூட்டிங் கதவுகளும் திறந்தன. டியூக்கின் முதல் கறுப்பின பாஸ்கெட்பால் வீரராக சி.பி. கிளைபோர்ன் வந்தார், நம்ம இனம், இன்ஜினியரிங் ஸ்டூடண்ட். நாஷ்வில் பையன் பெர்ரி வாலஸை அதே ஊர் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் சேர்த்துக்கொண்டது. பத்து வருடம் முன்னாடி என்றால் இருவரும் மெக்லெண்டன் மாதிரி ஒரு கோச்சிடம்தான் போயிருப்பார்கள். இனி பெரிய பல்கலைக்கழகங்கள் பெரிய பணத்தோடு வந்து நல்ல பிளேயர்களை அள்ளிப்போகும். கறுப்பினக் கல்லூரிகளுக்கு மிச்சம்தான். பிளேயர்களைக் கூட்டிப்போனவர்கள், அவர்களை உருவாக்கிய கோச்சுகளை மட்டும் கூப்பிடல. இந்த வரலாற்றில் எனக்கு ரொம்ப உறுத்துவது இதுதான்.

1979-ல் நைஸ்மித் பெயரில் உள்ள ஹால் ஆஃப் ஃபேமில் மெக்லெண்டனுக்கு இடம் கிடைத்தது. ஆனா கோச்சாக இல்லை, விளையாட்டுக்குப் பங்களித்தவர் என்ற பிரிவில்! 1999 அக்டோபர் 8 அன்று அவர் இறந்தார். கோச் என்ற பெயரில் அவரை மறுபடி சேர்த்தது 2016-ல். தன் டென்னசி டீமுக்கும் அந்த இடம் வேணும்னு பார்னெட் வருடக்கணக்கில் அலைந்தார். 2019-ல் டீமுக்குக் கிடைத்தது. பார்னெட்டுக்கு 2024-ல்.