மருத்துவத்தைத் தமிழில் எழுதவைத்த மானிப்பாய் கிறீன்

தெல்தோட்டைக்கு மேலே, லூல்கந்துர தோட்டத்தில் 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை இது. அதே ஆண்டு ‘இரண வைத்தியம்’ என்ற சத்திரசிகிச்சை நூல் தமிழில் வெளிவந்தது. அதை அறிந்தவர்கள் குறைவு. அதற்குப் பின்னால் இருந்தவர் மானிப்பாயில் வாழ்ந்த ஓர் அமெரிக்க மருத்துவர்.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822இல் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டரில் பிறந்தவர். 1847இல் மிஷனரி மருத்துவராக யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில்தான். ஆனால் அப்படிப் படித்தவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடி ஊரைவிட்டுப் போனார்கள். கிராமத்தில் தங்கி, அங்குள்ளவர்களுக்கு விளங்கும்படி பேசும் வைத்தியர்கள் வேண்டுமென்றால் பாடம் தமிழில் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1860களில் வகுப்பு தமிழுக்கு மாறியது.

பாடப்புத்தகம் எங்கே? மாணவர்களும் அவருமாக உட்கார்ந்து எழுத வேண்டியிருந்தது. ஒரு சொல்லுக்கு முதலில் தமிழில் தேடினார்கள். கிடைக்காவிட்டால் சமஸ்கிருதத்தில். அதிலும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் போட்டார்கள். 1875இல் வந்த இரசாயன நூலுக்குக் ‘கெமிஸ்தம்’ என்று பெயர் வந்தது அப்படித்தான். கிரேயின் உடற்கூற்று நூல் 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ ஆனது. இன்று வாசித்தால் கரடுமுரடாக இருக்கும். தூய தமிழ் பார்ப்பவர்கள் முகம் சுளிக்கலாம். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. நல்ல சொல் அமையும்வரை காயக்காரன் காத்திருக்க மாட்டான்.

1870இல் கொழும்பில் தொடங்கிய மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்தில் கற்பித்தது. கிறீனின் வழி அதற்குப் பிறகு நீளவில்லை. போரில் உடம்புக்குள் ஷெல் துண்டுகளோடு வாழ்கிறவர்கள் இன்றும் மருத்துவ அறிக்கையை மடித்து வைத்திருக்கிறார்கள். துண்டு எந்த எலும்புக்குப் பக்கத்தில், எடுத்தால் என்ன ஆகும், எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் அதில் ஆங்கிலத்தில் இருக்கிறது. இன்னொருவரிடம் கொடுத்துத்தான் கேட்க வேண்டும். மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய்ப் போரில் அகப்பட்ட குடும்பங்களுக்கும் இதே நிலைதான்.

உடல்நலம் குன்றி 1873இல் கிறீன் ஊர் திரும்பினார். வூஸ்டரில் இருந்தபடியே தமிழ்க் கையெழுத்துப் பிரதிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். உடலின் தொழிற்பாடுகளைச் சொல்லும் ‘மனுஷ சுகரணம்’ 1883இல் அச்சேறியது. அடுத்த ஆண்டு அவர் காலமானார். தமிழர்களிடையே மருத்துவப் பணி செய்தவர் என்றே அவருடைய கல்லறையில் பொறிக்கப்பட்டிருக்கிறது.